ராஜாஜி ஆபீஸ் ஸ்டாம்பும் என் அக்கா மகன் வாங்கின ஸ்டாம்பும்

இந்தத் தடவை நெல்லும் இல்ல, கீரையும் இல்ல. தபால்தலை பத்தி எழுதப் போறேன். விவசாயிக்கு ஸ்டாம்போட என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. படிச்சா தெரியும்.

பீச் ஸ்டேஷன் பக்கம் போனவங்களுக்கு ஜி.பி.ஓ.வோட சிவப்புக் கட்டடம் தெரிஞ்சிருக்கும். அது இருக்கிற ரோட்டுக்கு முன்னால நார்த் பீச் ரோடுன்னு பேர். இப்ப ராஜாஜி சாலை. பெரிய தபாலாபீஸ் இருக்கிற ரோட்டுக்கு ராஜாஜி பேர் வந்தது தற்செயல்தான். ஆனா அவருக்கும் தபால்தலைக்கும் நிஜமாவே ஒரு தொடர்பு இருக்கு. இன்னிக்கு உலகத்துல ஸ்டாம்பு சேர்க்கிறவங்க கோடிக் கணக்குல விலை பேசுற ஒரு இந்தியத் தபால்தலை, அவர் ஆபீஸ் உபயோகத்துக்காகத் தயார் பண்ணது.

விஷயம் இதுதான். 1948 ஜனவரி 30ல காந்தியைச் சுட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 15, சுதந்திரம் வந்து முதல் ஆண்டு நிறைவு நாள்ல, காந்தி படம் போட்ட நாலு தபால்தலை வெளியிட்டாங்க. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். "பாபு"ன்னு இந்தியிலயும் உருதுலயும் போட்டிருக்கும். நம்ம நாட்டுக்கு 1925லயே நாசிக்ல சொந்த அச்சகம் வந்தாச்சு. இருந்தாலும் இந்த நாலையும் சுவிட்சர்லாந்துல கூர்வாசியேங்கிற கம்பெனியில அச்சடிச்சாங்க. கைராட்டை சுத்தின மனுஷனோட ஸ்டாம்பு வெளிநாட்டு அச்சு. அதைப் பத்தி அப்பவே பேசாம இருந்திருப்பாங்களா என்ன.

10 ரூபாய் ஸ்டாம்பு பெரிசு, பழுப்பும் அரக்குச் சிவப்புமா இருக்கும். அந்தக் காலத்துல 10 ரூபாய் ஒரு கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம். சாதாரண ஜனங்க வாங்கினதெல்லாம் ஒன்றரை அணா ஸ்டாம்புதான். அதனால 10 ரூபாய் ஸ்டாம்பு, எதுவும் எழுதாத சாதாவே, இன்னிக்குப் பல ஆயிரத்துக்குப் போகுது.

அந்த சமயம் கவர்னர் ஜெனரலா இருந்தவர் ராஜாஜி. 1948 ஜூன் 21ல பதவிக்கு வந்தார். அவர் ஆபீஸ் உபயோகத்துக்காக இந்த நாலு ஸ்டாம்பு மேலயும் "சர்வீஸ்"னு ஆங்கிலத்துல ஒரு வார்த்தை கூடுதலா அச்சடிச்சாங்க. சர்க்கார் தபாலுக்கு அப்படி அச்சடிக்கிறது அப்ப வழக்கம். ஆனா இதுல அடிச்சது மொத்தமே நூறு செட்டு. 2017 ஏப்ரல்ல லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் கம்பெனி, "சர்வீஸ்" போட்ட 10 ரூபாய் காந்தி நாலு ஒண்ணா சேர்ந்த துண்டு ஒண்ணை ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தருக்கு 5 லட்சம் பவுண்டுக்கு வித்துது. அப்போதைய கணக்குல நம்ம பணம் சுமார் 4 கோடி. வெளியில புழங்குறது மொத்தம் 13தான்னு அவங்களே சொன்னாங்க.

இந்தச் செய்தி வந்த நாள்ல இருந்துதான் வாட்ஸப்புல "உங்க வீட்டுப் பரண்ல 4 கோடி இருக்கா?"ன்னு ஓட ஆரம்பிச்சுது. இன்னும் ஓடுது.

என் அக்கா மகன் திருமழிசைப் பக்கம் இருக்கான். ரெண்டு ஏக்கர். சொர்ணவாரி நெல்லை கொள்முதல் நிலையத்துல போட்டு பணம் கைக்கு வந்த வாரம், ஆன்லைன்ல ஒரு ஆள்கிட்ட மூணு சாமான் வாங்கினான். 18,000 ரூபாய். சைட்ல பார்த்துட்டு, அந்த ஆள் "கமிஷன் மிச்சம் சார்"னு சொன்னதால சைட்டுக்கு வெளியே யுபிஐ மூலமா நேரா அனுப்பிட்டான். நவரைக்கு உரம் வாங்க வெச்சிருந்த பணம் அது. பார்சல் வந்ததும் நேரா என்கிட்ட எடுத்துட்டு வந்தான்.

"மாமா, நீங்க சின்ன வயசுல சேர்த்தீங்கல்ல, பாருங்க. ஒண்ணே ஒண்ணு நிஜமா இருந்தாலும் போதும், பொண்ணு காலேஜ் பீசு ஆயிடும்."

நான் சேர்த்தது உண்மை. எங்க பக்கத்துப் பசங்களுக்கு அது சுலபம். ஆவடியில டாங்கி பேக்டரி, ஏர்போர்ஸ், சி.ஆர்.பி.எஃப். எல்லாம் இருக்கிறதால பஞ்சாப்ல இருந்து கேரளா வரைக்கும் உள்ள ஜனங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க. அவங்களுக்கு வர்ற கவரைக் கேட்டு வாங்கி, தண்ணில ஊறப்போட்டு ஸ்டாம்பை உரிப்போம். காசு சேர்ந்தா ரயிலேறி சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட். பழைய புஸ்தகக் கடை நடுவுல ஸ்டாம்பு விக்கிறவங்க உக்காந்திருப்பாங்க. அங்கயும் ஏமாத்துவாங்கதான். ஆனா ஸ்டாம்பைக் கையில வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்துட்டுத்தான் காசு கொடுப்போம். அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்துல இருப்பார், போய் சண்டை போடலாம். 1985 மே 30ல மூர் மார்க்கெட் எரிஞ்சுது. இப்ப ஆவடி, திருவள்ளூர் லோக்கல் வந்து நிக்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல பேர் மட்டும் இருக்கு.

சரி, மூணு சாமானுக்கு வரேன்.

முதல்ல காந்தி. பளபளன்னு "சர்வீஸ்" போட்ட 10 ரூபாய். மல்லி மொட்டுல பூச்சி பார்க்கிறதுக்கு என்கிட்ட பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு இருக்கு. அதை வெச்சுப் பார்த்தேன். நிஜ ஸ்டாம்பு அச்சானது போட்டோகிராவ்யூர் முறையில. தகட்டுல நுணுக்கமான குழி இருக்கும், அதுல மை நிரம்பி காகிதத்துல இறங்கும். பழுப்பு மைன்னா பழுப்பு மையே. லென்ஸ்ல ஒரே நிறம்தான், அடர்த்தி மட்டும் கூடிக் குறையும். இவன் கொண்டு வந்ததுல காந்தி கன்னத்துல நீலப் புள்ளி, மஞ்சப் புள்ளி, ரோஸ் புள்ளி, கறுப்புப் புள்ளி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நாலு கலர் அச்சு. கண்ணுக்குப் பழுப்பாத் தெரியும், லென்ஸ்ல கோலப்பொடி கொட்டின மாதிரி இருக்கும்.

அடுத்து ஓரத்துல இருக்கிற பல். அதை அளக்கிற கணக்கு, 2 சென்டிமீட்டருக்கு எத்தனை ஓட்டைங்கிறது. இந்த காந்தி ஸ்டாம்புக்கு பதினொன்றரை. இதுல ஸ்கேல் வெச்சு எண்ணினா 13 வருது. அதுக்கு மேல சந்தேகம் இருந்தா உரக்கடைக்குப் போங்க. 500 ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா லைட் எல்லா உரக்கடையிலயும் இருக்கு. காகிதத்தை வெள்ளையாக் காட்ட ஒரு ரசாயனம் கலக்குறாங்க, அது அந்த லைட்ல நீல வெள்ளையா ஜொலிக்கும். காகிதத்துல அந்தச் சரக்கு பரவினது 1950கள்ல. 1948 ஸ்டாம்பு டியூப்லைட் மாதிரி ஜொலிச்சா சந்தேகப்படணும். எங்க உரக்கடைக்காரர் லைட்டைப் போட்டதும் அவரே சிரிச்சுட்டார்.

இவ்வளவும் பார்சல் வந்த பிறகு பார்க்கிறது. வாங்குறதுக்கு முன்னாலயே ஒரு கணக்கு போட்டிருக்கலாம். உலகத்துல அச்சானது நூறு செட்டு. வெளியில 13. அந்த ஆளோட பக்கத்துல அதே ஸ்டாம்பு எட்டு விற்பனைக்கு இருந்துது. எட்டுக்கும் ஒரே போட்டோ. கீழ பொடி எழுத்துல ஆங்கிலத்துல "ரெப்ளிகா"ன்னும் ஒரு வார்த்தை.

இந்தப் போலி இருக்கே, இது சோம்பேறிப் போலி. கெட்டிக்காரப் போலி வேற மாதிரி. நிஜமான சாதா 10 ரூபாய் காந்தியை வாங்கி, அது மேல "சர்வீஸ்"ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் அடிக்கிறது. காகிதம் நிஜம், பல் நிஜம், பழுப்பு மை நிஜம், காந்தியும் நிஜம். பொய் அந்த ஒரு வார்த்தைதான். ஆயிரம் லட்சமாகுது. அதை என் லென்ஸ் கண்டுபிடிக்காது. எழுத்தோட வடிவம், மை, அளவு எல்லாத்தையும் நிஜத்தோட பக்கத்துல வெச்சுப் பார்த்துப் பழகின ஆள் வேணும்.

இந்த வித்தைக்கு ஒரு பெரிய வாத்தியார் இருந்தார். ஜான் தெ ஸ்பெராட்டின்னு பேர். 1884ல இத்தாலியில பொறந்து பிரான்ஸ்ல இருந்தவர். விலை மலிவான பழைய ஸ்டாம்பை எடுத்து, ரசாயனத்துல அதோட படத்தை மட்டும் வெளுத்து எடுத்துடுவார். மிச்சம் இருக்கிறது அந்தக் காலத்துக் காகிதம், அந்தக் காலத்துப் பல், சில சமயம் மேல குத்தின நிஜ முத்திரையும் கூட. அந்த வெத்துக் காகிதத்து மேல விலை உசந்த ஸ்டாம்போட படத்தை அச்சடிப்பார். 1942ல அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பின பார்சலை பிரான்ஸ் கஸ்டம்ஸ் பிடிச்சுது. விலையுயர்ந்த சாமானை வெளிய கடத்துறார்னு கேஸ். நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினா, எல்லாம் அசல், பெரிய தொகை பெறும்னு எழுதிக் கொடுத்துட்டார். ஸ்பெராட்டி கோர்ட்டுல நின்னு, "ஐயா இது எல்லாம் நான் செஞ்ச நகல்"னு தானே நிரூபிக்க வேண்டியதாப் போச்சு. உலகத்துல எல்லாத் திருடனும் போலியை அசல்னு சாதிப்பான். அசல் இல்ல, போலின்னு வாதாடினவர் இவர் ஒருத்தராத்தான் இருப்பார்!

அவருக்கு முன்னாலயும் ஆளுங்க உண்டு. முதல் தபால்தலை இங்கிலாந்துல 1840 மே மாசம் வந்துது. 1862, 63லயே போலி ஸ்டாம்பைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு ஐரோப்பாவுல புஸ்தகம் போட்டுட்டாங்க. ஹாம்பர்க்ல ஸ்பிரோன்னு ஒரு அச்சுக்கூடம் கட்டுக்கட்டா நகல் அடிச்சு வித்துது. ஜெனிவாவுல பிரான்சுவா ஃபூர்னியே விலைப்பட்டியலே போட்டு, நகல்தான்னு சொல்லியே வித்தார். அவர் நகல்னு சொல்லி வித்ததை வாங்கினவன் அடுத்தவன்கிட்ட அசல்னு வித்தான். கீழ பொடி எழுத்துல ரெப்ளிகான்னு போடறது புதுப் பழக்கம்னு நினைக்காதீங்க.

ரெண்டாவது சாமானுக்கு வருவோம். "சிந்து டாக்". இந்தியாவுல, ஆசியாவுலயே, ஒட்டுற தபால்தலை முதல்ல வந்தது சிந்து மாகாணத்துல, 1852 ஜூலை 1. பார்ட்டில் ஃபிரேர்ங்கிற கமிஷனர் கராச்சியில ஆரம்பிச்சது. அரை அணா. வட்டத்துக்குள்ள கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை. முதல்ல சிவப்பு அரக்கு வில்லையில பதிச்சாங்க, அது அப்பளம் மாதிரி நொறுங்கிப் போச்சு. அப்புறம் வெள்ளைக் காகிதம், கடைசியா நீலம். 1854 அக்டோபர்ல நாடு முழுக்கப் பொதுத் தபால்தலை வந்ததும் இது நின்னுது. இந்த வெள்ளை ஸ்டாம்புல மையே கிடையாது. அச்சை அழுத்தி எழுப்பின புடைப்பு மட்டும்தான். விரலால தடவினா மேடு தெரியணும், பின்பக்கம் பள்ளம் தெரியணும். அக்கா மகன் கொண்டு வந்தது வழவழன்னு தட்டையா இருந்துது. புடைப்பு மாதிரி தெரியறதுக்கு நிழலை அச்சடிச்சிருந்தாங்க. போட்டோவுல பார்க்கிறவனுக்கு மேடு. தொட்டுப் பார்க்கிறவனுக்கு ஜெராக்ஸ். ஆன்லைன் வியாபாரமே இதை நம்பித்தான் நடக்குது.

மூணாவதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பழைய கவர். 1955 ஜனவரியில நம்ம ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்துதே, சோஷலிச பாணி சமுதாயம்னு தேபர் தலைமையில தீர்மானம் போட்டாங்களே, அந்த மாநாட்டு நாள்ல ஆவடியில தபால்ல போட்ட கவராம். அக்கா மகன் ஆவடிப் பக்கத்து ஆள்னு தெரிஞ்சதும் "உங்க ஊர் சரித்திரம் சார்"னு சொல்லித் தள்ளியிருக்கான். கவர்ல ஒட்டியிருந்த ஸ்டாம்பு நிஜம். அணாவுலதான் இருக்கு. காகிதமும் பழசுதான். முத்திரையைப் பார்த்தேன். ஆவடி, ஜனவரி 1955, கீழ 600054.

பின்கோடு இந்தியாவுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15.

இதுக்கு லென்ஸ் வேணாம், லைட் வேணாம். ஊர் சரித்திரம் தெரிஞ்சா போதும். நம்ம பக்கத்துக் கவர் வாங்கறவங்க இந்தத் தேதிகளை மனசுல வெச்சுக்கோங்க. அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056, எதுவும் 1972க்கு முன்னால முத்திரையில வர வழியில்ல. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அதுக்கு முந்தின தேதியில பைசா ஸ்டாம்பு ஒட்டியிருந்தா தூக்கிப் போடலாம். மெட்ராஸ் ஸ்டேட், தமிழ்நாடுன்னு மாறினது 1969 ஜனவரி 14. மெட்ராஸ் சென்னை ஆனது 1996. போலி பண்றவன் ரசாயனம் படிச்சிருப்பான், அச்சுத் தொழில் படிச்சிருப்பான், வரலாறு படிச்சிருக்க மாட்டான்.

இப்ப, நிலம் வாங்கினவங்களுக்கு நான் சொல்லப் போறது சட்டுனு புரியும். பைபாஸ் ரோடு வந்து மனை விலை ஏறினப்போ எங்க பக்கத்துல ஒரே மனைக்கு ரெண்டு பத்திரம் வந்த கதை எத்தனையோ. முத்திரைத்தாள் நிஜமா இருக்கும், ரப்பர் ஸ்டாம்பு நிஜம் மாதிரி இருக்கும். (முத்திரைத்தாளையே போலியா அடிச்ச தெல்கி கதை தனி. அதை வேற ஒரு நாள் எழுதறேன்.) அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க பத்திரத்தோட முகத்தைப் பார்த்துட்டு நிக்க மாட்டாங்க. மூலப் பத்திரம் எங்க, யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துது, வில்லங்கம் போட்டுப் பாருன்னு கேப்பாங்க. விலை உசந்த ஸ்டாம்புக்கும் அதேதான். 13 தான் வெளியில இருக்குன்னா, ஒவ்வொண்ணும் எந்த ஏலத்துல வந்துது, யார் ஆல்பத்துல இருந்துதுன்னு ஒரு வழி இருக்கும். வழி சொல்ல முடியாத ஸ்டாம்புக்கு "தாத்தா பெட்டியில இருந்துது"ன்னு ஒரு கதை மட்டும் இருக்கும்.

சான்றிதழ் இருக்குன்னு காட்டுவாங்க. 1869ல ஆரம்பிச்ச லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டி மாதிரி சங்கங்கள்ல நிபுணர் குழு இருக்கு. ஸ்டாம்பைப் பரிசோதிச்சு போட்டோ ஒட்டி, நம்பர் போட்டுத் தருவாங்க. ஆனா விதை மூட்டையில நீல அட்டை தொங்குறதாலேயே அது சான்று விதை ஆயிடாதுன்னு எங்களுக்குத் தெரியும். அட்டையில இருக்கிற நம்பரும் மூட்டை நம்பரும் ஒத்துப் போகணும். அதே மாதிரி சர்டிபிகேட் போட்டோவுல இருக்கிற ஸ்டாம்போட பல்லும், முத்திரை விழுந்த இடமும் கையில இருக்கிறதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. நம்பரைக் கொடுத்த சங்கத்துக்கே எழுதிக் கேளுங்க. விக்கிறவன் அதுக்கு நாலு நாள் பொறுக்க மாட்டேன்னா, அவன் சரக்கைப் பத்தி அவனே சொல்லிட்டான்னு அர்த்தம்.

சட்டத்தைப் பார்த்தா வேடிக்கையா இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 263ஏன்னு ஒரு பிரிவு, 1895ல சேர்த்தது. அரசாங்கத் தபால்தலை மாதிரி போலி செய்யறது, தெரிஞ்சே விக்கிறது குற்றம். தண்டனை, 200 ரூபாய் வரை அபராதம். 1895ல 200 ரூபாய்னா ஒரு காணி நிலத்தை நினைச்சுப் பார்க்கலாம். 2024 ஜூலை 1ல அந்தச் சட்டமே மாறுற வரைக்கும், 129 வருஷம், அந்த 200 அப்படியே இருந்துது. ஏமாத்தி பணம் பிடுங்கினதுக்கு மோசடிப் பிரிவு தனியா உண்டு, அதுதான் கை கொடுக்கும். பணம் போன உடனே 1930க்குப் போன் அடிக்கணும். அக்கா மகன் மூணு வாரம் கழிச்சுத்தான் அடிச்சான். அதுக்குள்ள அந்த ஆள் நம்பர் செத்துப் போச்சு. சைட்டுல கேட்டா, பணம் எங்க வழியா வரலையேன்னுட்டாங்க. புகார் பதிவாயிருக்கு, பணம் வரல. நவரைக்கு உரம் சொசைட்டியில கடனா வாங்கினான்.

ஸ்டாம்பு ஆசை இருந்தா, அண்ணா சாலைப் பெரிய தபாலாபீஸ்ல பிலாடெலிக் பியூரோ இருக்கு. புது ஸ்டாம்பு முகவிலைக்கே கிடைக்கும், 5 ரூபாய் ஸ்டாம்பு 5 ரூபாய். 200 ரூபாய் கட்டி டெபாசிட் கணக்கு ஆரம்பிச்சா தபால்லயே அனுப்புவாங்க. 4 கோடி ஆகாது, ஆனா பசங்க கையில கொடுக்கலாம்.

அக்கா மகன் கோபத்துல அந்த மூணையும் அடுப்புல போடப் போனான். நான் விடல. ஸ்பெராட்டி வயசான காலத்துல தன்கிட்ட இருந்த சரக்கையும் அச்சுத் தகட்டையும் இங்கிலாந்து ஸ்டாம்பு சங்கத்துக்கு வித்துட்டார். அவங்க அதை எரிக்காம, ஒவ்வொண்ணுக்கும் பின்னால "ஸ்பெராட்டி நகல்"னு முத்திரை குத்தி, மத்தவங்க பார்த்துத் தெரிஞ்சுக்கிற மாதிரி வெச்சாங்க. நாங்களும் மூணுக்கும் பின்னால அழியாத பேனாவுல "போலி"ன்னு எழுதி, கீழ தேதியும் போட்டோம். 18,000ங்கிறதையும் எழுதுங்க மாமான்னான். எழுதினேன். இப்ப அது என் பழைய ஆல்பத்துல கடைசிப் பக்கத்துல இருக்கு. இந்தப் பக்கம் வந்தா காட்டறேன், லென்ஸும் தரேன்.